ரொக்கெட் கிட் செய்யப்போகிறவர் முதலில் அளக்க வேண்டியது மைதானத்தை

கேள்வி இதுதான்: வெள்ளவத்தையில் லேசர் கட்டிங் கடை நடத்தும் ஒரு தம்பி, பாடசாலை விஞ்ஞானக் கழகங்களுக்கும் பொழுதுபோக்காகப் பறக்கவிடுகிறவர்களுக்கும் மொடல் ரொக்கெட் கிட் செய்து விற்க நினைக்கிறார். வாங்குகிறவர்கள் கிட் செய்பவரிடமும், ரொக்கெட்டை உந்தும் மருந்து அடைத்த மோட்டார் செய்பவரிடமும் உண்மையில் எதை எதிர்பார்க்கிறார்கள், மோட்டாரையும் இங்கேயே செய்யலாமா என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தம்பி, மோட்டார் செய்ய நினைக்கவே வேண்டாம். இந்தப் பொழுதுபோக்கு உருவானதே அந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான். அமெரிக்காவில் நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஓர்வில் கார்லைல் 1954இல் கடதாசிக் குழாய்க்குள் கருமருந்தை இறுக்கிய, ஒருமுறை மட்டும் எரியும் மோட்டாரைச் செய்தார். வீட்டில் மருந்து கலந்து கையை இழக்கும் பிள்ளைகளைப் பற்றி அப்போது எழுதிக்கொண்டிருந்த ஹரி ஸ்டைன் 1957இல் அதை ஒரு ஒழுங்கான பொழுதுபோக்காக்கினார். அடுத்து வேர்ன் எஸ்டஸ் அந்த மோட்டாரை இயந்திரத்தில் அழுத்தித் தயாரிக்கும் வழியைக் கண்டார். ஒவ்வொரு மோட்டாரும் ஒரே மாதிரி எரிய வேண்டும் என்பதுதான் அங்கே முழுக் கலையும். கையால் அழுத்திய மருந்தில் வெடிப்பு விழும், அந்த வெடிப்பு வழியாகத் தீ ஓடும், மோட்டார் குண்டாகிவிடும். இங்கே 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள வெடிபொருள் கட்டுப்பாட்டாளரின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் செய்வதும் இறக்குவதும் வைத்திருப்பதும் குற்றம். ஆகவே உங்கள் வேலை கிட். மோட்டார் வெளிநாட்டு ஆலையில் செய்தது, அனுமதியோடு வருவது. இனி மற்றதைப் பார்ப்போம்.

வாங்குகிறவர் கேட்பது பெரிய ரொக்கெட்டையல்ல, திரும்பி வரும் ரொக்கெட்டை. பெட்டிப் படத்தில் 1000 அடி என்று போட்டால் முதல் தடவை விற்கும். அந்த ரொக்கெட் ஒரே பறப்பில் அடுத்த ஒழுங்கையின் கூரையில் விழுந்தால் அவர் இரண்டாவது கிட் வாங்கமாட்டார். எனவே வடிவமைப்பு கணினியில் அல்ல, மைதானத்தில் தொடங்க வேண்டும். அமெரிக்க தேசிய ரொக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதி ஒவ்வொரு மோட்டார் வகுப்புக்கும் (ஏயிலிருந்து எழுத்து ஏற ஏறச் சக்தி கூடும்) மைதானத்தின் குறுகிய பக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்கிறது: ஏ வகுப்புக்கு 100 அடி, பி வகுப்புக்கு 200, சி வகுப்புக்கு 400, டி வகுப்புக்கு 500. கொழும்புப் பாடசாலைகளின் கிரிக்கெட் மைதானம் பெரும்பாலும் பி வகுப்புக்குத் தாராளம், சி வகுப்புக்கு இழுபறி, டி வகுப்புக்கு இல்லை. காலிமுகத்திடல் பார்க்க அகலமாகத் தெரியும். உண்மையில் அது கடலுக்கும் வீதிக்கும் நடுவில் ஒரு பட்டி. சோளகம் வீசினால் ரொக்கெட் வீதிக்கும் ஹோட்டல்களுக்கும் போகும், வாடை வீசினால் கடலுக்குப் போகும். கூட்டமும் பாதுகாப்புக் கெடுபிடியும் வேறு. அதை மறந்துவிடுங்கள்.

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 100 கிராம் ரொக்கெட், 45 செ.மீ. பரசூட் என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 3.7 மீற்றர் வேகத்தில் இறங்கும். 150 மீற்றர் உயரத்திலிருந்து இறங்க 40 செக்கன். செக்கனுக்கு 5 மீற்றர் காற்றுக்கு அது 200 மீற்றர் இழுபட்டுவிடும். 30 செ.மீ. பரசூட் போட்டால் இறங்கும் வேகம் 5.5 மீற்றர், நேரம் 27 செக்கன், இழுபடும் தூரம் 135 மீற்றர். இதுவும் கூடத்தான். உயரத்தை 70 மீற்றராகக் குறைத்தால் அதே சிறிய பரசூட்டில் 65 மீற்றருக்குள் வந்துவிடும். பரசூட்டைச் சுருக்குவதைவிட உயரத்தைக் குறைப்பதே கை கொடுக்கிறது. அதற்கு வழி தடித்த உடல். எஸ்டஸ் நிறுவனத்தின் கிட்டுகளான அல்ஃபாவும் பிக் பேர்தாவும் ஒரே சி வகுப்பு மோட்டாரில் பறப்பவை. 25 மி.மீ. குழாய் கொண்ட அல்ஃபா 1000 அடியளவுக்குப் போகும், 41.6 மி.மீ. குழாய் கொண்ட பிக் பேர்தா 500 அடியோடு நிற்கும். கொழும்புக்கு இரண்டாவது மாதிரிதான் சரி: பருத்த, மெதுவாக எழும்பும், கண்ணுக்குத் தெரியும் ரொக்கெட், ஏ அல்லது பி மோட்டாரில். பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும். சன்னமானது கண் இமைக்குமுன் மறைந்துவிடும்.

இனிக் குழாய். பழக்கமுள்ளவர்கள் சந்தை அளவிலேயே குழாய் கேட்பார்கள், ஏனென்றால் மூக்குக் கூம்பும், மோட்டாரைக் குழாயின் நடுவில் பிடிக்கும் வளையமும் வேறு கிட்டிலிருந்து மாற்றிப் போடலாம். 18 மி.மீ. மோட்டார் உட்காரும் குழாயின் வெளிவிட்டம் 18.7 மி.மீ.; அடுத்தது உள்விட்டம் 24.1, வெளிவிட்டம் 24.8 மி.மீ.; பெரியது உள்விட்டம் 40.5, வெளிவிட்டம் 41.6 மி.மீ. சுவர்த் தடிப்பு சிறியவற்றில் 0.33 மி.மீ., பெரியதில் அரை மி.மீ. சொச்சம். புறக்கோட்டைத் துணிக்கடைகளில் கிடைக்கும் துணி சுற்றிய மட்டைக் குழாய்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அவற்றின் சுவர் பல மடங்கு தடிப்பு, ரொக்கெட்டின் பாரம் குழாயிலேயே முடிந்துவிடும். கிராஃப்ட் கடதாசியை உருக்குத் தண்டில் சுருளாகச் சுற்றி இங்கேயே செய்யலாம். ஆனால் மழைக்காலத்தில் பசை காய நாளெடுக்கும், காய்வதற்குள் தண்டிலிருந்து கழற்றினால் குழாய் முட்டை வடிவமாகும். செய்தபின் நுண்துளையை அடைக்கும் வார்னிஷ் (சாண்டிங் சீலர்) ஒரு பூச்சுப் பூசாவிட்டால் கடற்காற்றில் குழாய் மெத்தென்று போய்விடும்.

லேசர் உங்கள் பலம், ஆனால் அதிலும் கண்ணி இருக்கிறது. கதிர் வெட்டிய விளிம்பு கருகியிருக்கும், கரியில் பசை பிடிக்காது. செட்டையின் வேர் விளிம்பை, அதாவது குழாயில் ஒட்டும் பக்கத்தை, நல்ல பலகை தெரியும்வரை உரசச் சொல்லி அறிவுறுத்தலில் தடித்த எழுத்தில் போடுங்கள். முதல் பறப்பிலேயே செட்டை கழன்று விழும் புதுக் கிட்டுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். வெட்டின் அகலம் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை தின்னும், வளையங்களை வரையும்போது அதைக் கழித்துப் போடாவிட்டால் வளையம் தளர்ந்துவிடும். பால்சா என்ற மிக இலேசான பலகையில் நார் ஓட்டம் செட்டையின் முன் விளிம்புக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். வெட்டும் கோப்பில் பாகங்களை அடுக்கும்போது பலகை மிச்சம் பிடிக்கிறோம் என்று செட்டையைத் திருப்பி வைத்தால், இறங்கும்போது நார் வழியே சீவினாற்போல் உடையும். பால்சா கிடைக்கவில்லை என்று ஒட்டுப்பலகைக்குப் போகிறவர்கள் இன்னொன்றை மறக்கிறார்கள். 30 சதுர செ.மீ. செட்டை மூன்று, 2.4 மி.மீ. பால்சாவில் மொத்தம் 3 கிராம் சொச்சம், 1.5 மி.மீ. ஒட்டுப்பலகையில் ஏறத்தாழ 9 கிராம். வால் பக்கம் 6 கிராம் கூடினால் புவியீர்ப்பு மையம் பின்னுக்கு வரும், மூக்கில் பாரம் வைக்க வேண்டிவரும். புவியீர்ப்பு மையம், காற்றின் தள்ளல் குவியும் புள்ளியான அமுக்க மையத்துக்கு முன்னால் குறைந்தது ஒரு குழாய் விட்டம் அளவு இருக்க வேண்டும் என்பதுதான் பொது விதி. மோட்டார் போட்ட நிலையில் அளந்து, அந்தப் புள்ளியைக் குழாயிலேயே ஒரு கோடாக அச்சடித்துக் கொடுத்தால் வாங்குகிறவர் விரலில் நிறுத்திப் பார்த்துக்கொள்வார். இதை எந்த நிறுவனம் செய்தாலும் வாடிக்கையாளர் விடமாட்டார்.

செட்டை வாலைத் தாண்டிப் பின்னே நீண்டிருக்கும் அழகான வடிவங்களைத் தவிர்த்துவிடுங்கள். தரையில் முதலில் படுவது அந்த முனைதான். கொழும்பு மைதானத் தரை வெயிலில் சீமெந்து மாதிரி.

மூக்குக் கூம்பை முப்பரிமாண அச்சில் எடுக்கலாம். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகைக்கு அருகிலேயே இளகும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் கூம்பு சரிந்துவிடும். அதைவிட வெப்பம் தாங்கும் பிஇடிஜி பிளாஸ்டிக் எடுங்கள், சுவரை மெல்லியதாக வையுங்கள்.

இப்போது பொழுதுபோக்குக்காரர் உலகெங்கும் நிறுவனங்களைத் திட்டுகிற இடத்துக்கு வருகிறோம்: மூக்கையும் உடலையும் இணைக்கும் கயிறு. பல கிட்டுகளில் ஒரு முழம் ரப்பர் பட்டி மட்டும் இருக்கும். ரொக்கெட் மேலே போய், பரசூட்டை வெளியே தள்ளும் வெளியேற்று மருந்து வெடித்ததும் மூக்கு எறியப்படும். குட்டை ரப்பர் அதை உண்டிவில் போலத் திருப்பி இழுத்து உடற்குழாயின் வாயிலேயே அடிக்கும், குழாய் நசுங்கும். ரப்பர் நம் வெப்பத்தில் சில மாதங்களில் காய்ந்து வெடிக்கவும் செய்யும். கேட்கப்படுவது எளியது: ரொக்கெட்டின் நீளத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு நீளமான கயிறு. அதன் கீழ்ப்பகுதி சூடு தாங்கும் கெவ்லார் நூல், மோட்டார் தாங்கியில் கட்டியது. மேல்பகுதி தையல் இலாஸ்டிக். கெவ்லார் குழாயின் வாய்க்குச் சற்று உள்ளேயே முடிய வேண்டும். வெளியே நீண்டால், வேகமாகப் போகும்போது பரசூட் திறக்கையில் நூல் குழாயை மேலிருந்து கீழாகக் கிழித்துவிடும். கெவ்லாருக்குப் பதில் மீன்பிடிக் கடைத் தங்கூசியைப் போட வேண்டாம். வெளியேற்று மருந்தின் சூட்டில் நைலோன் உருகி அறும். தடித்த பருத்தி நூல் தற்காலிகத்துக்குச் சரி, ஆனால் சில பறப்புக்கு ஒருமுறை மாற்றக்கூடியதாகக் கட்டுங்கள்.

கயிறு இவ்வளவு முக்கியமாவது ஏன் என்பதற்கு மோட்டாரின் குறியீட்டை வாசிக்கத் தெரிய வேண்டும். சி6-5 என்றால், சி என்பது மொத்தக் கணத்தாக்கு (எரிந்து முடியும்வரை கொடுக்கும் மொத்த உந்தல்) 5 முதல் 10 நியூட்டன் செக்கனுக்குள். 6 என்பது சராசரி உதைப்பு, நியூட்டனில். 5 என்பது எரிந்து முடிந்ததிலிருந்து பரசூட் வெளியேறும் வரையான தாமதம், செக்கனில். ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லை இரட்டிக்கும்: ஏ 2.5 வரை, பி 5 வரை, டி 20 வரை. தாமதம், மோட்டாருக்குள் இருக்கும் தாமதத் தூள் எரியும் வேகத்தைப் பொறுத்தது. அமெரிக்கத் தரவிதி அதில் 20 வீதம் அல்லது 1.5 செக்கன், எது கூடவோ அந்தளவு விலகலை அனுமதிக்கிறது. 5 என்று எழுதியது 3.5 ஆகவும் இருக்கலாம், 6.5 ஆகவும் இருக்கலாம். உச்சியிலிருந்து 1.5 செக்கன் தள்ளிப்போனால் ரொக்கெட் செக்கனுக்கு ஏறத்தாழ 15 மீற்றர் வேகத்தில் இருக்கும், அதாவது மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல். அந்த வேகத்தில் பரசூட் திறந்தாலும் தாங்குகிற கயிறுதான் நல்ல கிட்டின் அடையாளம். மோட்டார் தவறவே தவறாது என்று நம்பி வடிவமைத்த கிட் மேசையில் மட்டும் அழகு.

மோட்டார் நிறுவனங்களிடம் கேட்கப்படுவதில் முதலாவதும் இந்தத் தாமதம்தான். பருத்த ரொக்கெட் காற்றுத்தடையில் சீக்கிரம் வேகமிழக்கும், அதற்கு 2 அல்லது 3 செக்கன் தாமதம் போதும். சன்னமானதற்கு 5, 7 வேண்டும். மெதுவாக விற்கும் தாமதங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது ஆலைக்கு இலாபம்; பறக்கவிடுகிறவருக்கோ பொருந்தாத தாமதத்தைப் போட்டுக் கிட்டும் போய் மோட்டாரும் போகும். உங்கள் கிட் எந்த மோட்டாருக்கு என்று எழுதும்போது "சி6" என்று நிறுத்தாமல் "சி6-3, சி6-5 போடலாம்; சி6-7 வேண்டாம்" என்று முழுதாக எழுதுங்கள். இணைந்த இன்னொரு ஆபத்து: ஜேர்மனியின் கிளிமா நிறுவனம் 18 மி.மீ. அளவிலேயே டி9 மோட்டாரும் செய்கிறது. அது சி6 உட்காரும் அதே தாங்கிக்குள் அழகாக உட்காரும், ஆனால் கணத்தாக்கு 20 நியூட்டன் செக்கன், இரு மடங்குக்கும் மேல். உட்காருகிறது என்பதற்காகப் போடலாம் என்றில்லை. அதையும் பெட்டியில் எழுத வேண்டும்.

எடை வரம்பு அடுத்தது. சி6-5க்கு எஸ்டஸ் சொல்லும் உச்சப் புறப்பாட்டுத் திணிவு 113 கிராம், டி12-5க்கு 283 கிராம். சி6இன் உதைப்பு தொடக்கத்தில் ஒரு கணம் 14 நியூட்டனைத் தொட்டு, பிறகு 5 அளவில் இறங்கி நிற்கும். 113 கிராமின் நிறை 1.1 நியூட்டன். உதைப்பு நிறையைப்போல ஐந்து மடங்கு இருக்க வேண்டும் என்ற பொது விதிக்கு அது சற்றுக் குறைவு, காற்றில்லாத நாளுக்கு மட்டும் ஏற்றது. கடற்கரை நகரத்தில் விற்கும் கிட்டுக்கு மோட்டாரோடு 80 கிராமைத் தாண்டக்கூடாது என்பது என் கணிப்பு. பசையும் வர்ணமும் சேர்ந்து பிள்ளைகள் கையில் 10, 15 கிராம் தாராளமாகக் கூடும். ஆகவே வெறும் பாகங்களின் எடையைப் பெட்டியில் போடுவது ஏமாற்று. ஒட்டி, பூசி, மோட்டார் போட்ட எடையைப் போடுங்கள்.

ஈரப்பதன் நமக்கே உரிய தலையிடி. கருமருந்து மோட்டாரின் உறை கடதாசி, வாய் களிமண். பிரித்த பொதி மழைக்காலத்தில் கிடந்தால் உறை ஊதும், தாங்கிக்குள் போகாது. தள்ளிப் புகுத்தினால் குழாய் பிளக்கும். உறையை உரசி மெலிதாக்கக் கூடாது, அமுக்கத்தைத் தாங்குவது அதுதான். இன்னொரு பக்கம், வெப்பமும் குளிரும் மாறி மாறி ஏறியிறங்குவது மருந்துக்கட்டிக்கும் உறைக்கும் இடையிலான பிடிப்பை விலக்கும், பற்றவைத்ததும் வெடிக்கும். பெரிய கருமருந்து மோட்டார்களில் இது கூடுதல். குளிரூட்டிய அறையிலிருந்து வெயிலில் நிற்கும் கார், பிறகு திரும்ப அறை என்று அலைக்கழிக்கக் கூடாது. அதனால் இங்கே வேண்டியது ஒவ்வொரு மோட்டாரும் தனியாக முத்திரையிட்ட படலப் பொதியில், ஈரமுறிஞ்சிப் பையோடு, உறையில் வாசிக்கக்கூடிய தயாரிப்புத் திகதியோடு வருவது. திகதி தெரிந்தால்தான் ஒரு தொகுதி பிழைத்ததா, ஒன்று மட்டும் பிழைத்ததா என்று சொல்லலாம். அமெரிக்கச் சங்கம் மோட்டார் கோளாறுகளை உறுப்பினரிடமிருந்து திரட்டுகிறது. நல்ல நிறுவனங்கள் வெடித்த மோட்டாருக்கும் அது கெடுத்த கிட்டுக்கும் மாற்றுக் கொடுக்கின்றன. நீங்கள் இறக்குமதியாளரோடு பேசும்போது இந்தப் பொறுப்பை யார் ஏற்பது என்று எழுத்தில் வாங்குங்கள்.

மோட்டாரைப் பிடித்து வைக்க உலோகக் கொக்கி போடுங்கள். டேப் சுற்றி இறுக்குவது இந்தக் காலநிலையில் நம்பமுடியாது. ஒருநாள் இறுகும், மறுநாள் தளரும். தளர்ந்தால் வெளியேற்று மருந்து பரசூட்டுக்குப் பதில் மோட்டாரைப் பின்னே தள்ளிவிட்டு, ரொக்கெட் அம்பாகத் தரையில் குத்தும். மோட்டார் தாங்கியை உள்ளே செலுத்தும்போது வெள்ளைப் பசை பாதி வழியிலேயே பிடித்துக்கொள்ளும், காய்ந்ததும் மெல்லிய குழாயை உள்ளிழுத்து வளையத் தடம் போடும். அந்த ஒரு இடத்துக்கு மெதுவாக இறுகும் எபொக்சி என்று குறிப்பிடுங்கள்.

பற்றவைப்பு பற்றிச் சுருக்கமாக. பற்றாமல் போவதில் பெரும்பகுதி பற்றவைக்கும் கம்பி மருந்தைத் தொடாததால்தான். கம்பியைப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் அடைப்பான் மோட்டாரோடு கட்டாயம் வர வேண்டும். அடுத்த காரணம் மின்னோட்டம். 2 அம்பியர் அளவு வேண்டும். 5 மீற்றர் தள்ளி நின்றால் போக வர 10 மீற்றர் வயர், 0.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் அது 0.34 ஓம், பற்றவைக்கும் கம்பியின் தடையோடு போட்டி போடும். நாலு சிறு பற்றரி ஈரமான காலையில் அதற்கு ஈடுகொடுக்காது. யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரியும் 1 சதுர மி.மீ. வயரும் சொல்லுங்கள். ஆனால் கவனம்: சில நிறுவனங்களின் மென்மையான பற்றவைப்பான்கள், பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியில் இணைப்பு சரியா என்று காட்டும் சோதனை மின்குமிழ் வழியே ஓடும் மின்னிலேயே பற்றிவிடும். சோதனைக்கு மின்குமிழ் வேண்டாம், தடையோடு எல்இடி போடுங்கள். சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளும் அமைப்பு இருக்கட்டும். பற்றாவிட்டால் சாவியைக் கழற்றி 60 செக்கன் பொறுத்த பின்தான் கிட்டப் போவது.

பரசூட்டுக்கு முன்னால் வைக்கும் தீயெதிர்ப்புத் தாள் பத்துப் பதினைந்து பறப்புக்காவது பெட்டியில் இருக்கட்டும். இல்லாவிட்டால் வீட்டு டிசு கடதாசியை வைப்பார்கள். அது புகைந்துகொண்டே விழுந்து மாசி மாதக் காய்ந்த புல்லைப் பற்றவைக்கும்.

சட்டப் பக்கம்: கிட் என்பது கடதாசியும் பலகையும்தான், மோட்டார் அப்படியல்ல. தபாலில் வெடிபொருள் அனுப்ப முடியாது. கூரியரில் பொதியின் பெயரை மாற்றி வரவழைத்தால் சுங்கத்தில் பிடிபடும்போது பதில் சொல்லப்போவது பாடசாலை. கொழும்பின் தெற்கே இரத்மலானை விமான நிலையம், வடக்கே கட்டுநாயக்க. பறக்கவிடுமுன் சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கும் பொலிஸுக்கும் எழுத வேண்டும். விண்ணப்பத்துக்குக் கழகம் கேட்கப்போவது உங்களிடம்தான்: மோட்டார் குறியீடு, மருந்தின் எடை, உச்ச உயரம், ரொக்கெட்டின் எடை, விழும் எல்லை. இந்த ஐந்தும் ஒரே பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கிட்டோடு கொடுங்கள். அனுமதி வரும்வரை கழகம் சும்மா இருக்காமலிருக்க, அதே மூக்கும் செட்டையும் சோடாப் போத்தலில் பொருந்தும் நீர் ரொக்கெட் இணைப்பு ஒன்றையும் விற்கலாம். மோட்டார் இல்லாத அதற்கு வெடிபொருள் அனுமதி தேவைப்படாது.

வடிவமைப்புக் கோப்பை ஓப்பன்ரொக்கெட் மென்பொருளில் செய்து இலவசமாகப் போடுங்கள். அது பின்லாந்தில் சாம்போ நிஸ்கனனின் 2009ஆம் ஆண்டு ஆய்விலிருந்து வந்த இலவச மென்பொருள். பெரிய வகுப்பு மாணவர் கோப்பைத் திறந்து செட்டையை மாற்றிப் பார்ப்பார், பிறகு அதை வெட்டித் தரச்சொல்லி உங்களிடமே வருவார்.

முதல் தொகுதிக்கு ஒரே ஒரு ரொக்கெட் போதும். 41.6 மி.மீ. குழாய், 18 மி.மீ. தாங்கி, நாலு செட்டை, 30 செ.மீ. செம்மஞ்சள் பரசூட். 20 பெட்டி கட்டும்போது மூக்குக் கூம்பு 30, செட்டைத் தொகுதி 40, கயிறு 40 வெட்டி, மிச்சத்தைத் தனித்தனி விலையில் வையுங்கள். ஸ்டிக்கர் எப்படியிருந்தாலும் யாரும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள். உடைந்த ஒரு செட்டைக்காக முழுக் கிட்டும் வாங்கச் சொன்னால் மட்டும் திரும்பி வரமாட்டார்கள்.